புத்தளக் கடற்கரையும் நீதியான நிலைமாற்றமும்

விழா மலர்க் கட்டுரைகள் கடந்த காலத்தைப் போற்றுவனவாக அமைதல் மரபு. நம் கல்லூரியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பழைய மாணவர் பலர் இம்மலரில் நன்கு எடுத்துரைப்பர். ஆதலின் நாம் வருங்காலம் பற்றிச் சில கூற விழைகின்றோம். மொழியாசிரியருக்கு மின்சாரத்தோடும் நிலக்கரியோடும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு, இக்கட்டுரை பிறந்த வரலாற்றையே விடையாகக் கூறுவோம்.

ஒரு நாள் வகுப்பில் திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவுநிலைமையைப் பயிற்றிக்கொண்டிருந்தோம். பாடம் முடியுந் தறுவாயில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நிலக்கரியை எரித்தல் உலகிற்குத் தீங்கு என்று புவியியல் ஆசிரியர் கூறுகின்றார். எங்கள் அப்பா கரி இறக்கும் வேலைக்குப் போகின்றார். கரி எரிப்பதை நிறுத்தினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இதில் நடுவுநிலைமை எது?" என்று வினவினான். மணி அடித்தது. விடை கூறாமலே வகுப்பை விட்டு வெளியேறினோம். அம்மாணவனுக்குக் காலந்தாழ்த்தி நாம் கூறும் விடையே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் எழும் கரியமிலவாயு வளிமண்டலத்திற் சேர்ந்து பூமியின் வெப்பத்தை உயர்த்துகின்றது. ஆதலால் உலக நாடுகள் காற்று, கதிரவன், நீர் ஆகியவற்றினின்று ஆற்றல் பெறும் பொருளாதாரத்திற்கு மாற முயல்கின்றன. இம்மாற்றத்தின் சுமை எளியோர் தலையில் மட்டும் விழாதவாறும், பயன் வலியோர் கையில் மட்டும் சேராதவாறும் செய்வதையே 'நீதியான நிலைமாற்றம்' என்பர். இச்சிந்தனை அமெரிக்கத் தொழிற்சங்கங்களிடையே தோன்றியது. சூழலைக் காப்பதற்காக ஓர் ஆலை மூடப்படுமாயின், அதில் உழைத்தவனை வீதியில் விடலாகாது என்பது அவர்தம் வாதம். 2015ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் முகவுரை தொழிலாளர்க்கு நீதியான நிலைமாற்றம் இன்றியமையாதது என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பும் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

சொல் புதிது, பொருள் பழையது. தராசின் ஒரு தட்டில் உலகின் நலனை வைக்கும்போது, மற்றத் தட்டில் வைக்கப்படுவது யாருடைய வாழ்வு என்று கேட்பதே இதன் சாரம்.

நுரைச்சோலைக்குக் கரி வந்த வரலாறு

இவ்வினாவை ஆராய நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையில், நுரைச்சோலையில், இலங்கையின் ஒரே நிலக்கரி மின்நிலையமாகிய லக்விஜய அமைந்துள்ளது. 1990களில் இத்திட்டம் பேசப்பட்ட காலத்திலேயே மீனவரும் கமக்காரரும் எதிர்த்தனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் இருத்தலின் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்ப்பில் முன்னின்றது. எனினும் 2006இல் கட்டுமானம் தொடங்கிற்று. சீனத்தின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கடன் வழங்கியது. 300 மெகாவாட் வலுவுள்ள முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று பிரிவுகளும் நிறைவுற்று, 900 மெகாவாட் நிலையமாக 2014 செப்டெம்பரில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்தே கிடைத்து வந்துள்ளது.

இலங்கை மண்ணிலே நிலக்கரி இல்லை. ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கரி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றது. கப்பல்கள் கரையை அணுக இயலாமையால் ஆழ்கடலில் நங்கூரமிட, சிறு தெப்பக் கலங்கள் கரியை ஏற்றி இறங்குதுறைக்குக் கொணர்கின்றன. சோழகம் என்று நம்மவர் கூறும் தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடைபெறுவதில்லை. ஆண்டின் எஞ்சிய காலத்திலேயே முழு ஆண்டுக்கும் வேண்டிய கரியை இறக்கிக் குவித்தல் வேண்டும். அந்தக் குவியலிலிருந்தும் சாம்பற் கிடங்கிலிருந்தும் எழும் தூசு, சோழகக் காற்றில் வீடுகள்மீதும் தோட்டங்கள்மீதும் படிகின்றது என்பது அயற் கிராமத்தாரின் நெடுநாள் முறைப்பாடு.

ஈண்டு ஒன்றை உற்றுநோக்குதல் தகும். கரிக் கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதே சோழகம், அதே குடாநாட்டில் வேறொரு வேலையும் செய்கின்றது. மாம்புரி, நிர்மலபுர ஆகிய இடங்களிலும், களப்பின் கீழ்க்கரையிற் சேகுவந்தீவு, விடத்தல்முனை ஆகிய இடங்களிலும் 2010ஆம் ஆண்டு முதலாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மெகாவாட் வலுவினது. பழைய வழியும் புதிய வழியும் ஒரே மணல்மேட்டில் அருகருகே நிற்பதை நம் மாணவர் நாள்தோறும் பேருந்திலிருந்து காண்கின்றனர்.

நாளையே மூடிவிடலாகாதா?

தீங்கு என்று தெரிந்த பின்னர் ஏன் தாமதம் என்று இளைஞர் கேட்பது இயல்பு. 2021இல் இலங்கை அரசு, 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாகவும், புதிய நிலக்கரி நிலையங்களை அமைப்பதில்லை என்றும், 2050இற் கரியமிலவாயுச் சமநிலையை அடைவதாகவும் உலகிற்கு உறுதியளித்தது. சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி நிலையம் 2016இலேயே கைவிடப்பட்டது.

ஆயினும் மின்சாரம் உடனுக்குடன் சமைத்து உடனுக்குடன் உண்ணவேண்டிய உணவை ஒத்தது. நண்பகலிற் கதிரவன் மிகுதியாகத் தருவான். மாலை ஏழு மணிக்கு எல்லா வீடுகளிலும் விளக்கேற்றும் வேளையில் அவன் இல்லை. கனத்த சுழலிகள் சுழன்றுகொண்டிருக்கும்போது, வலையமைப்பில் ஒரு சிறு தடுமாற்றம் ஏற்பட்டாலும் அவற்றின் சுழல்வேகம் அதனைத் தாங்கும். கூரைமேற் சூரியத் தகடுகளுக்கு அத்தகைய சுழற்சி இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியமைக்கு இதுவும் ஒரு காரணம். அன்று நின்றுபோன நுரைச்சோலைப் பிரிவுகள் மீண்டும் இயங்கச் சில நாட்கள் சென்றன. அதுவரை சுழற்சி முறையில் மின்வெட்டு நிகழ்ந்தது. மின்கலங்களும் வலுவான கம்பித் தொடர்களும் அமைத்த பின்னரே கரியைப் படிப்படியாகக் கைவிட இயலும்.

ஆகவே இம்மாற்றத்திற்குச் சில ஆண்டுகள் தேவை. அவ்வாண்டுகளை இயந்திரங்களுக்காக மட்டும் செலவிடுவோமா, மனிதருக்காகவும் செலவிடுவோமா என்பதே வினா.

நம் கரை கற்ற பாடங்கள்

பெருமாற்றங்கள் இக்கரைக்குப் புதியன அல்ல. அவற்றுள் நான்கினை மட்டும் நினைவூட்டுவோம்.

முதலாவது, இறால். 1980களில் புத்தளம், சிலாபம், உடப்பு, முந்தல் முதலிய இடங்களில் இறாற் பண்ணைகள் பெருகின. கண்டல் மரங்கள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. வெளியூர் முதல் வந்தது. ஏற்றுமதி வருவாயும் பெருகிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் பரவவே பண்ணைகள் பல பாழாயின. முதலிட்டோரிற் பலர் சென்றுவிட்டனர். மீன் குஞ்சு பொரிக்கும் கண்டலை இழந்த களப்பும், உவர்நிலமாகிய வெறுங்குளங்களும், அவற்றை நம்பியிருந்த மீனவரும் இங்கேயே தங்கினர். இலாபம் ஊரைக் கடந்து செல்ல, இழப்பு ஊரிலேயே தங்கிற்று.

இரண்டாவது, மண்ணெண்ணெய். சிறுவள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவன. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது மண்ணெண்ணெயின் விலை ஏறக்குறைய அரைப்பங்கு ஏறிற்று. சிலாபத்து மீனவர் வீதிக்கு இறங்கினர். பெப்ரவரி 15ஆம் நாள் அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். பத்தாண்டுகளின் பின்னர், 2022 ஆகத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பல வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. இவ்விலையேற்றங்கள் சூழலைக் காக்கும் நோக்கிற் செய்யப்பட்டவை அல்ல என்பது மெய்யே. எனினும், எரிபொருள் எரிப்பதைக் குறைக்க விலையை உயர்த்துதல் நல்வழி என்று அறிஞர் கூறும்போது, சிலாபத்து வீதியை நாம் மறத்தல் ஆகாது. மாற்று வழி காட்டாமல் விலையை மட்டும் உயர்த்துதல், ஏறப் படகு தராமல் நீந்துக என்பது போலாகும்.

மூன்றாவது, உரம். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நஞ்சற்ற வேளாண்மை என்பது உயர்ந்த நோக்கமே. கற்பிட்டி மணற்றரையில் நிலத்தடி நீரிற் கலந்துள்ள நைத்திரேற்றினை அறிந்தோர் அந்நோக்கத்தை மறுக்கார். ஆயினும் ஒரு போகத்திற்குள் நாடு முழுவதும் மாறவேண்டும் என்று பணித்தமையால் விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் கடனாளியாயினர், அவ்வாண்டு இறுதிக்குள் தடையும் தளர்த்தப்பட்டது. இதனால் நேர்ந்த பெருங்கேடு யாதெனின், இயற்கை வேளாண்மை என்ற சொல்லே பலர் காதுக்குக் கசப்பாயிற்று. நல்ல நோக்கத்தை அவசரமும் அநீதியும் கெடுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நான்காவது, மீண்டும் கண்டல்; இது மகிழ்ச்சி தரும் பாடம். சிலாபத்தை நிலையமாகக் கொண்ட சுதீசா என்னும் அமைப்பு, 2015இற் பிறநாட்டு நிறுவனமொன்றுடனும் அரசுடனும் சேர்ந்து, கண்டற் காடுகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. காட்டைச் சூழ்ந்து வாழும் மகளிர்க்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிக்கப்பட்டன. அவர்கள் கண்டலைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். 2016இல் பம்பலவிற் கண்டல் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. கண்டல் கரியமிலவாயுவைச் சேற்றில் ஈர்த்து வைக்கும், மீனையும் பெருக்கும். 'மரத்தை வெட்டாதே' என்று மட்டும் கூறாமல், 'வெட்டாமல் வாழ வழி இது' என்று காட்டியமையே இத்திட்டத்தின் சிறப்பு.

யாருடைய வாழ்வு தட்டில் உள்ளது?

நுரைச்சோலையில் இயந்திரம் ஒருநாள் நிற்குமாயின் பாதிக்கப்படுவோர் யாவர்? நிரந்தர உத்தியோகத்தருக்கு இடமாற்றமும் ஓய்வூதியமும் உண்டு. அவர்கள் தாழ்ந்துபோகார். ஒப்பந்தகாரரின் கீழ் நாட்கூலிக்குக் கரி இறக்குவோர், துப்புரவு செய்வோர், சாம்பல் ஏற்றும் பாரவண்டிச் சாரதிகள், வாயிலிற் சோற்றுக் கடை நடத்தும் பெண்கள் ஆகியோரின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லாமற் போகலாம். நிலையத்தின் சாம்பல் சீமெந்து செய்யவும் பயன்படுகின்றது. கரி நின்றால் அத்தொழிலும் வேறு மூலப்பொருள் தேட நேரும். ஒரு நூலை இழுத்தால் வலை முழுவதும் அசைவதை வலை பின்னுவோர் அறிவர்.

காற்றாலைகளைப் பற்றியும் நடுவுநிலையோடு பேசுதல் வேண்டும். அவை புகை கக்குவதில்லை. ஆனால் அமைத்து முடித்த பின்னர் அவற்றை இயக்கச் சிலரே போதும். கரைவலை இழுக்கும் பாட்டில் காற்றாலைத் தூணோ அதற்குரிய வீதியோ குறுக்கிட்டால், வாடியில் வாழ்வோனிடம் உறுதிப் பத்திரம் இல்லை என்று கூறி இழப்பீடு மறுக்கப்படலாம். தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய கரை அவனுடையதே எனினும், எழுத்தில் அவனுடையது அன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்குக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுட் பலவும் பிறர் தோட்டங்களிற் கூலிக்கே உழைத்தன. தோட்டம் விற்கப்பட்டால் விலை உரியவருக்கு, வேலையிழப்பு கூலியாளுக்கு.

இது வெறும் ஐயம் அன்று. இந்தியாவில், கருநாடகத்துப் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்தது. நிலத்தை விலைக்கு வாங்காமல் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபா குத்தகையாக உழவர்க்கு அளித்தமை பாராட்டத்தக்கது. நிலம் அவர்களுடையதாகவே இருந்தது. வறண்ட நிலத்திற்கு நிலையான வருவாயும் கிடைத்தது. ஆனால் அந்நிலத்தில் களைபறித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த நிலமற்றோர்க்குக் குத்தகையில் பங்கில்லை. அவர்கள் வேலை தேடி அலைந்தனர். ஒரு நல்ல திட்டத்திலும் கணக்கில் வாராதோர் இருப்பர் என்பதை இது காட்டுகின்றது.

பிற நாடுகள் செய்தவை

பிரித்தானியாவில் சுரங்கங்களை மூடும் முயற்சி 1984, 1985ஆம் ஆண்டுகளில் நெடிய வேலைநிறுத்தத்தை விளைத்தது. பின்னர்ச் சுரங்க ஊர்கள் பல தலைமுறையாக வறுமையுற்றன. அதே நாட்டின் இறுதி நிலக்கரி நிலையமாகிய இராற்கிளிஃப் 2024 செப்டெம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டபோது அத்தகைய கலகம் எழவில்லை. மூடும் நாள் முன்னரே தெரிந்திருந்தது; தொழிற்சங்கங்களுடன் பேசி, மறுபயிற்சிக்கும் வேறு வேலைக்கும் வழி செய்யப்பட்டது. செருமனி 2020இல் இயற்றிய சட்டத்தினால் 2038ஐ இறுதி எல்லையாக வகுத்து, நிலக்கரி வட்டாரங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது. தென்னாபிரிக்காவின் கொமாற்றி நிலையமோ 2022 ஒக்டோபரில் மூடப்பட்டது. மாற்றுத் தொழிலும் பயிற்சியும் பின்தங்கி வந்தமையால் ஊரார் இடருற்றனர். முன்னது முன்னும் பின்னது பின்னும் நடந்தால் நன்மை. மாறி நடந்தால் துன்பம்.

'செருமனியிடம் செல்வம் உண்டு, நம்மிடம் உண்டோ?' என்று பழைய மாணவர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இலங்கையர் ஒருவர் ஆண்டில் வெளியிடும் கரியமிலவாயு ஏறத்தாழ ஒரு டன். அமெரிக்கர் ஒருவருடையது அதனினும் பன்மடங்கு. ஆதலால் மாற்றத்தின் செலவிற் பெரும் பங்கைச் செல்வநாடுகள் ஏற்றல் முறை. நீதி என்பது ஊருக்குள் மட்டுமன்றி நாடுகளுக்கிடையேயும் வேண்டற்பாலது. எனினும் அவர்கள் தரும்வரை நாம் வாளாவிருத்தலும் அறிவுடைமை ஆகாது. 2022இல் அந்நியச் செலாவணி இன்றி நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளிற் கிடந்ததை நாம் அறிவோம். கடலுக்கப்பாலிருந்து வரும் கரிக்கு விலை கொடுக்க வேண்டும். சோழகத்திற்கு விலை இல்லை.

வேண்டும் நெறிகள்

மேற்கூறியவற்றால் ஐந்து நெறிகள் பெறப்படும். முதலாவது, ஒவ்வொரு பிரிவும் மூடப்படும் ஆண்டு பல ஆண்டுகள் முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்படல் வேண்டும். இரண்டாவது, நிலையத்தைச் சார்ந்து பிழைப்போர் அனைவரும், நாட்கூலியாளரும் கடைக்காரரும் உட்பட, இடாப்பிற் பதியப்படல் வேண்டும். மூன்றாவது, பயிற்சி முன்னும் மூடுதல் பின்னும் அமைதல் வேண்டும். காற்றாலை, சூரியத் தகடு, மின்கலம் ஆகியவற்றின் தொழில்நுட்பம் இம்மாவட்டத்திலேயே கற்பிக்கப்படுதல் நன்று. நான்காவது, புதிய ஆலைகளின் வருவாயில் ஒரு பங்கு அவற்றைச் சூழ்ந்த ஊர்களுக்கு உரியதாதல் வேண்டும். மாடி வீட்டார் கூரையில் தகடு பதித்துக் கட்டணம் குறைக்க, கிடுகு வேய்ந்த வீட்டார் முழுக் கட்டணம் செலுத்தும் நிலை நீடிக்கலாகாது. ஐந்தாவது, கரி சென்ற பின்னரும் சாம்பல் இங்கிருக்கும். அக்கிடங்கைத் துப்புரவாக்கும் செலவை இன்றே ஒதுக்கி வைத்தல் வேண்டும். இறாற் குளங்களை விட்டுச் சென்றது போல் சாம்பலையும் விட்டுச் செல்ல இடங்கொடுத்தல் தகாது.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

புத்தளத்து உப்பளங்களைப் பாருங்கள். கடல்நீர், கதிரவன், காற்று, மனித உழைப்பு என்னும் நான்கினாலேயே உப்பு விளைகின்றது. கரி ஒரு துணுக்கும் எரிவதில்லை. ஆயினும் பருவம் தவறிய மழையால் உப்பு விளைச்சல் குன்ற, 2025இற் கடல்சூழ்ந்த இந்நாடு உப்பையே இறக்குமதி செய்தது. வெயிலில் நின்று உப்பு வாருவோர் நல்ல கூலியும் நிழலும் பெற்றனரோ என்பதும் வேறொரு வினா. இயற்கைக்குத் தீங்கற்ற தொழில் என்பதனாலேயே அது மனிதர்க்கு நீதியான தொழிலாகிவிடாது. இரண்டையும் வேண்டி நிற்றல் நம் கடன்.

விவாத மன்றத்து மாணவர் பின்வருவனவற்றை ஆராய்வாராக. தம் ஊரில் நிலக்கரி நிலையத்தைச் சார்ந்து பிழைப்போர் எத்தனை பேர்? காற்றாலை அமைந்த காணி முன்னர் யாரால், எதற்குப் பயன்பட்டது? மண்ணெண்ணெய் வள்ளத்திற்கு மாற்று யாது. அதன் விலையைச் சிறு மீனவன் எவ்வாறு தாங்குவான்? இவற்றுக்கு விடை புத்தகத்தில் இல்லை. வாடிக்கும் தோட்டத்திற்கும் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்படும் ஏடே நாளை இடாப்பில் விடுபட்டோரின் சான்றாகும்.

பழைய மாணவருட் பொறியியலாளரும், சட்டத்தரணிகளும், அரச உத்தியோகத்தரும், வணிகரும் உளர். திட்டங்கள் எழுதப்படும் மேசைகளில் அமர்வோரும் உளர். அம்மேசையில் இக்கரையின் பெயர் வரும்போது, தாம் படித்த வகுப்பறையின் பின்வரிசையை நினைவுகூருமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

எம் மாணவனுக்கு இனி விடை கூறுவோம். தம்பி, கரியை நிறுத்துதலும் நடுவுநிலைமையே. உன் தந்தையாரின் அடுப்பு எரிதலும் நடுவுநிலைமையே. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்க என்று உன்னிடம் கூறுவோர், தாம் செய்யவேண்டிய வேலையைச் செய்யாதோர். அவ்வேலையைச் செய்யுமாறு கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு. கேட்கும் முறையைக் கற்பித்தலே இக்கல்லூரியின் பணி. அப்பணி மேலும் பல்லாண்டு சிறப்புற நடைபெறுவதாக.